கேஷியருக்கு எத்தனை காபி?

ரிச்சி தெருவில் எந்தக் கடையில் போய் "ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்" என்றாலும் ராம் விஷயத்தில் ஒரே கேள்விதான் வரும். "எத்தனை ஜி.பி. போடலாம் ஸார்?"

நாமும் கம்பீரமாக "16" என்போம். எழுதிக் கொள்வார்கள். அந்த 16 ஒரே குச்சியாக வருகிறதா, இரண்டு எட்டாக வருகிறதா என்று நாம் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டுவிட்டு, வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி!

எதிர் வீட்டுப் பையன் ஒருவன் இப்படித்தான் வாங்கினான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், முதல் போனஸ், முதல் கம்ப்யூட்டர். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரியில் கேம்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான்.

"அண்ணா, புது மெஷின். ஆனா கேம் திக்கித் திக்கித்தான் ஓடுது. மெமரியோட வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திவிட்டா பறக்கும்னு ஃப்ரெண்டு சொல்றான். ஏத்தட்டுமா?"

"ஏத்தாதே. முதல்ல மூடியைக் கழட்டு" என்றேன்.

உள்ளே நாலு ஸ்லாட். ஒன்றில் மட்டும் 16 ஜி.பி. குச்சி. மற்ற மூன்றும் காலி. விஷயம் புரிந்துவிட்டது.

இந்தக் கட்டுரையில் சொல்லப் போவது அவனுக்குச் சொன்னதுதான். மெமரியில் வேகம் இரண்டு வழிகளில் கிடைக்கும். ஒன்று சேனல், இன்னொன்று வோல்டேஜ். முதலாவதில் ஆபத்தே கிடையாது. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாவதில் ஆபத்து உண்டு. எல்லோரும் அதைத்தான் முதலில் நோண்டுகிறோம்.

ஹால் பெரிசு, கவுண்ட்டர் எத்தனை?

ஒரு பாங்க்கை நினைத்துக் கொள்ளுங்கள். ஹால் எவ்வளவு பெரிசு என்பதுதான் ஜி.பி. 8 என்றால் சின்ன ஹால், 32 என்றால் கல்யாண மண்டபம். ஆனால் உங்கள் பணம் கைக்கு வர ஆகும் நேரத்தை ஹாலின் நீள அகலமா முடிவு செய்கிறது? எத்தனை கவுண்ட்டர் திறந்திருக்கிறது என்பதல்லவா முடிவு செய்கிறது! அந்தக் கவுண்ட்டர்தான் சேனல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி.டி.ஆர்-4 மெமரியில் '3200' என்று போட்டிருந்தால், விநாடிக்கு 320 கோடி தடவை டேட்டா கைமாறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் 64 பிட், அதாவது 8 பைட். பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜி.பி. குச்சியின் லேபிளில் 'பி.சி.4-25600' என்று ஒரு எண் இருக்குமே, அது இந்தப் பெருக்கலின் விடைதான்.

இது ஒரு சேனலுக்கு. சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டில், ஸ்லாட் இரண்டு இருந்தாலும் நாலு இருந்தாலும், சேனல் இரண்டுதான். இரண்டிலும் குச்சி போட்டால் 51.2 ஜி.பி. அதே ப்ராசஸர், அதே கரெண்ட் பில். பக்கத்துக் கவுண்ட்டரில் மாட்டியிருந்த 'மூடப்பட்டுள்ளது' போர்டை எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இரட்டிப்பு என்றதும் கம்ப்யூட்டரே இரண்டு மடங்கு ஓடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கடிதம் டைப் அடிக்க, ஒரு பில் போட, விநாடிக்கு 25 ஜி.பி. தாராளமாகப் போதும். வித்தியாசம் கண்ணில் படாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசஸரோடு வரும் கிராஃபிக்ஸையே நம்பியிருக்கும் மெஷினில்தான் இது பளிச்சென்று தெரியும். காரணம், அந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. ப்ராசஸர் நிற்கும் அதே க்யூவில் அதுவும் நிற்கிறது. எதிர் வீட்டுப் பையனின் மெஷின் அந்த ஜாதி. தனி கார்டு கிடையாது. ஒரே கவுண்ட்டர். கேம் திக்காமல் என்ன செய்யும்?

16 ஜி.பி. குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வித்தியாசம் ஏதோ கொஞ்சம் கட்டி, இரண்டு எட்டாக வாங்கி வந்தான். வோல்டேஜை யாரும் தொடவில்லை. அப்புறம் அவன் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. கேம் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்!

இரண்டாவது, நாலாவது!

இரண்டு குச்சி வாங்கினால் மட்டும் போதாது. இடம் பார்த்துச் செருக வேண்டும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில், ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால், வழக்கமாக முதல் இரண்டும் ஒரு சேனல். அடுத்த இரண்டும் இன்னொரு சேனல். ஏ1, ஏ2, பி1, பி2 என்று பெயர்.

ஆர்வக்கோளாறில் முதல் இரண்டு ஸ்லாட்டிலும் வரிசையாகச் செருகினால் என்ன ஆகும்? ஒரே கவுண்ட்டரில் இரண்டு கேஷியர். பக்கத்துக் கவுண்ட்டர் மூடியே கிடக்கும். காசு கொடுத்து இரண்டு குச்சி வாங்கியும் ஒற்றைச் சேனல்தான்.

பெரும்பாலான போர்டுகளில் சரியான இடம் ஏ2-வும் பி2-வும். அதாவது இரண்டாவது, நாலாவது. 'ஏன், முதலாவதும் மூன்றாவதும் ஆகாதா?' என்று கேட்கலாம். இந்தப் போர்டுகளில் ஒரு சேனலின் கம்பித்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு போய் இரண்டாவதில் முடிகிறது. குச்சி கடைசி ஸ்டாப்பில் இருந்தால் சிக்னல் அங்கேயே இறங்கிவிடும். கடைசி ஸ்டாப் காலியாக இருந்தால், சிக்னல் அங்கே போய் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு குழம்பும். வேகம் ஏற ஏற இந்தக் குழப்பமும் ஏறும். சில போர்டுகளில் வரிசை மாறலாம். போர்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். யாரும் பிரிக்காத அந்தப் புத்தகத்தின் மிக உபயோகமான பக்கம் அதுதான்.

சரியாகப் போட்டிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் டாஸ்க் மானேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று இருக்கும். சேனல் விவரத்துக்கு 'சிபியு-இசட்' என்ற இலவச புரோகிராம். டி.டி.ஆர்-4 என்றால் இரட்டைச் சேனலா என்று அதிலேயே தெரிந்துவிடும். டி.டி.ஆர்-5-ல் மட்டும் ஒரு தமாஷ். அதில் ஒவ்வொரு குச்சியும் உள்ளுக்குள் இரண்டு 32 பிட் சேனலாகப் பிரிந்திருக்கும். ஒற்றைக் குச்சிக்கே இரண்டு 32 என்று காட்டும்; அதைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். நாலு 32 என்று வந்தால்தான் இரண்டு கவுண்ட்டரும் திறந்திருக்கிறது.

நாலு பேர் வந்தால் நல்லதா?

'இரண்டு நல்லது என்றால் நாலு இன்னும் நல்லதுதானே' என்று அடுத்த சந்தேகம் வரும். கவுண்ட்டர் இரண்டுதான் என்பதை மறக்கக் கூடாது. நாலு குச்சி போட்டால் ஹால் பெரிதாகும், க்யூ வேகமாக நகராது. டி.டி.ஆர்-5-ல் மெதுவாகவே நகரும்! 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. கம்பெனி கொடுத்த அதிகாரப்பூர்வ வேகத்தைப் பாருங்கள். இரண்டு குச்சிக்கு 5200. நாலு குச்சிக்கு 3600. ஒவ்வொரு கம்பித்தடத்திலும் சுமை ஏறுவதால் வருகிற இறக்கம் இது.

ஆகவே 32 வேண்டும் என்றால் நாலு எட்டு வேண்டாம், இரண்டு பதினாறு. அதையும் ஒரே டப்பாவில் ஜோடியாக வருகிற கிட்டாக வாங்குங்கள். ஜோடியாக வருபவை சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. இன்றைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வாங்கினால், லேபிள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சில்லு வேறாக இருக்கலாம். ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

ஏற்கெனவே ஒரு 8 இருக்கிறது, இன்னொரு 16 சேர்க்கலாமா? சேர்க்கலாம். பெரும்பாலான போர்டுகள் இரண்டு பக்கமும் எட்டு எட்டாக ஜோடி சேர்த்து இரட்டைச் சேனலில் ஓட்டும். மிச்சமிருக்கும் 8 மட்டும் ஒற்றைச் சேனலில் ஓடும். முழுப் பலன் இல்லை, முழு நஷ்டமும் இல்லை. 2025-ன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. சர்வர்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், சில்லறைக் கடை விலை எகிறியது ஞாபகமிருக்கலாம். அந்த மாதிரிக் காலத்தில் இருப்பதைத் தூக்கிப் போடாமல் இப்படிச் சமாளிப்பதில் தப்பே இல்லை.

இனி காபி விஷயம்

கேஷியர் வேகமாக எண்ண வேண்டுமானால் காபி வேண்டும். மெமரிக்குக் காபி, வோல்டேஜ்.

சரித்திரத்தைப் பார்த்தால் தலைமுறைக்குத் தலைமுறை காபி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தொண்ணூறுகளின் எஸ்.டி. ராம் 3.3 வோல்ட். டி.டி.ஆர் 2.5. டி.டி.ஆர்-2, 1.8. டி.டி.ஆர்-3, 1.5. டி.டி.ஆர்-4, 1.2. டி.டி.ஆர்-5, 1.1. 'ஜெடெக்' என்ற அமைப்பு இதையெல்லாம் வகுத்து வைத்திருக்கிறது. சில்லுக்குள் இருக்கும் சமாசாரங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. சிறுத்த உடம்புக்கு டபுள் ஸ்ட்ராங் தாங்காது.

ஆனால் கடையில் '3200, 1.35 வோல்ட்' என்று டப்பாவில் போட்டு விற்கிறார்களே? தரப்படி 1.2 அல்லவா? அங்கேதான் எக்ஸ்.எம்.பி. வருகிறது. இன்டெல் கம்பெனி 2007-ல் டி.டி.ஆர்-3 காலத்தில் கொண்டு வந்த ஏற்பாடு. ஏ.எம்.டி. 2022-ல் டி.டி.ஆர்-5-க்கு எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்று கொண்டு வந்தது. 'இந்தக் குச்சி இத்தனை வோல்ட்டில் இத்தனை வேகம் ஓடும் என்று சோதித்துவிட்டேன்' என்று தயாரிப்பாளர் குச்சிக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறார். பயாஸில் போய் நீங்கள் 'சரி' சொல்லும்வரை அது அமலுக்கு வராது. டப்பாவில் 3200 என்று இருந்தும் கம்ப்யூட்டர் 2133 அல்லது 2400 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் இன்னும் 'சரி' சொல்லவில்லை.

'சரி' சொல்லலாமா? சொல்லலாம். குச்சியைப் பொறுத்தவரை லேபிளில் போட்டிருக்கிற வோல்ட் பயப்படத்தக்கதல்ல. டி.டி.ஆர்-4-க்கு பெரும்பாலும் 1.35. டி.டி.ஆர்-5-ல் 6000 வேகத்துக்குக் கிட்டத்தட்ட அதே 1.35. ஆனால் ப்ராசஸர் கம்பெனிகளின் கணக்கில் இது ஓவர்க்ளாக்கிங். அதனால் வாரண்டி பாதிக்கப்படலாம் என்று சின்ன எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு 'சரி' சொல்லுங்கள்.

லேபிளைத் தாண்டி கையால் ஏற்றுவதுதான் வில்லங்கம். மின்செலவு சும்மா நேர்கோட்டில் ஏறாது. ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். 1.2-ஐ 1.35 ஆக்கினால் வோல்டேஜ் பன்னிரண்டரை சதவிகிதம்தான் கூடுகிறது, செலவு 27 சதவிகிதம். 1.5 ஆக்கினால் 56 சதவிகிதம். கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இந்த மாதிரி ஏற்றத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அந்த உபரி முழுக்கச் சூடாகத்தான் வெளியே வருகிறது. நம் ஊர் ஏப்ரல் மாதத்தில், ஏ.ஸி. இல்லாத அறையில், அந்தச் சூடு போவதற்கு இடமும் இல்லை.

மெமரி ஜூரம், ப்ராசஸருக்கு மருந்து!

குச்சி போனால் குச்சியோடு போகட்டும் என்று தைரியமாக இருக்க முடியாது. மெமரியைக் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. 2003-ல் ஏ.எம்.டி.யும் 2008-ல் இன்டெல்லும் தங்கள் டெஸ்க்டாப் ப்ராசஸருக்குள்ளேயே அதைக் கொண்டு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மெமரிக்கு ஏற்றும் காபியின் வேகம் ப்ராசஸருக்கும் ஏறுகிறது. 2008-ன் கோர் ஐ7 வந்தபோது, மெமரியை 1.65 வோல்ட்டுக்கு மேல் ஓட்டினால் ப்ராசஸரே நிரந்தரமாகப் பழுதாகலாம் என்று எச்சரித்தார்கள். அதற்கு முன் டி.டி.ஆர்-3-ஐ 1.8, 1.9 என்று ஓட்டிப் பழகிய வீரர்கள் கப்சிப்.

இன்னொன்று 2023 ஏப்ரலில் நடந்தது. ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்கள் சில, அடிப்பக்கம் உப்பிக் கருகி, சாக்கெட்டையும் சேர்த்துப் பொசுக்கிய படங்கள் உலகம் பூராவும் சுற்றின. யாரும் கையால் வோல்டேஜ் ஏற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பயாஸில் எக்ஸ்போவுக்கு 'சரி' சொன்னதும், மெமரி தடங்கலில்லாமல் ஓடட்டும் என்று சில மதர்போர்டுகள் தாமாகவே ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கு வோல்டேஜைத் தாராளமாக ஏற்றிக் கொடுத்திருந்தன. எஸ்.ஓ.சி. வோல்டேஜ் என்று அதற்குப் பெயர். 1.3-க்கு மேல் போகக் கூடாது என்று ஏ.எம்.டி. உச்சவரம்பு போட்டு, அதற்கேற்ற புது பயாஸ் வெளியிட வைத்தது.

இதிலிருந்து நமக்குப் பாடம் சுருக்கமானது. முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள், அப்புறம் எக்ஸ்போ. 'ஆட்டோ' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாமல், பயாஸில் ஹார்ட்வேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்து உண்மையில் எத்தனை வோல்ட் போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கருகினால் தெரியும், தப்பாக எண்ணினால்?

இதுவரை சொன்னது காசு நஷ்டம். எனக்குப் பயம் அதைவிட வேறொன்றில்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்தே வருமான வரி, ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். அக்கா பையன் லீவுக்கு வந்தவன், மாமாவுக்கு உதவியாக 3200 மெமரியை 3800 ஆக்கி, வோல்டேஜை 1.5-க்கு ஏற்றிவிட்டுப் போனான். மெஷின் ஓடியது. ஜோராகவே ஓடியது. இரண்டு மாதம் கழித்து, சுருக்கி வைத்த ஒரு ஃபைல் திறக்க மறுத்தது. அப்புறம் ஒரு எக்ஸெல் ஃபைல் 'பழுது பார்த்துவிட்டேன்' என்று சொல்லித் திறந்தது. உள்ளே கூட்டுத்தொகை இடித்தது.

"அதனாலென்ன, வெள்ளிக்கிழமை தோறும் பேக்கப் எடுக்கறேனே" என்று வெளி டிஸ்க்கைச் செருகினார். அதிலும் அதே கோளாறு. கெட்டுப்போன ஃபைலைத்தான் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருக்கிறார், வாரா வாரம்! ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓட்டினால், கேபினட் சூடேறிய பிறகு பிழை மேல் பிழை. கட்சிக்காரர்களின் வவுச்சர்களைத் திரும்ப வாங்கி, மறுபடி டைப் அடித்து முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

கம்ப்யூட்டர் '1' என்ற எழுத்தை 8 பிட்டாக வைத்திருக்கிறது. '9' என்ற எழுத்தையும் அப்படியே. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட் புரண்டால் 1,000 ரூபாய் 9,000 ரூபாய். எந்த மணியும் அடிக்காது.

சர்வர்களில் போடும் ஈ.ஸி.ஸி. மெமரியில் கூடுதல் பிட்டுகள் உண்டு. நம் கணக்குப் புத்தகத்தில் ட்ரயல் பாலன்ஸ் மாதிரி, இடித்தால் சொல்லும். சாதாரண டெஸ்க்டாப் மெமரியில் ட்ரயல் பாலன்ஸ் கிடையாது. டி.டி.ஆர்-5-ல் இருப்பதாகச் சொல்லும் ஈ.ஸி.ஸி.யும் சில்லுக்குள்ளே நடக்கும் தப்பைத் திருத்துவதோடு சரி. குச்சியிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் புரண்ட பிட்டை அது பார்ப்பதில்லை. அதிகக் காபி குடித்த கேஷியருக்குக் கை நடுங்கும். நோட்டுக் கட்டு உங்கள் கைக்கு வரும்; எண்ணிக்கை சரியா என்று சொல்ல ஆள் இல்லை.

என்னதான் செய்வது?

சுருக்கமாக: ஒரே டப்பாவில் வரும் ஜோடி வாங்குங்கள். போர்டின் புத்தகம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். கேம்ஸோ வீடியோ எடிட்டிங்கோ உண்டென்றால் பயாஸைப் புதுப்பித்து, லேபிளில் உள்ள ப்ரொஃபைலுக்கு மட்டும் 'சரி' சொல்லுங்கள். டி.டி.ஆர்-4-க்கு 1.35-ம், டி.டி.ஆர்-5-க்கு லேபிள் வோல்ட்டும், ரைசன் 7000-ல் எஸ்.ஓ.சி. 1.3-ம் தாண்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கணக்கு வழக்கு மட்டும்தான் வேலை என்றால் ப்ரொஃபைலையும் தொட வேண்டாம். தரப்படியான வோல்ட்டில் நிதானமாக ஓடட்டும். இரண்டு கவுண்ட்டர் திறந்திருப்பதே போதும்.

கடைசியாக ஒன்று. எதை மாற்றினாலும் அன்றைக்கு ராத்திரி 'மெம்டெஸ்ட்86' என்ற இலவச புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு, மெஷினை அதிலிருந்து கிளப்பி, ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே போய் எட்டிப் பாருங்கள். பிழைகள் என்ற இடத்தில் ஒன்று இருந்தாலும் ஃபெயில்தான். ப்ரொஃபைலை ரத்து செய்துவிட்டு மறுபடி டெஸ்ட். அப்போதும் பிழை வந்தால் வாரண்டி கார்டைத் தேடுங்கள்.

சைபர் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய பரீட்சை, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்!